அத்தியாயம் 7: ஐஎஸ்டிஎன் இணைப்பு ஏறாதபோது

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் கடந்து, ஆனேக்கல் சாலை பிரிகிற சந்தாபுரா சந்திப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு தொழிற்கூடத்தின் வாயிற்காவலரிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, "லைன் போயிடுச்சு" என்ற ஒரே வார்த்தையைத் தவிர வேறு தகவல் எதுவும் கிடைக்காத நிலையில் கணினி அறைக்குள் நுழைகிற இளம் பணியாளரை மனத்திற்கொண்டு இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. அவருக்கு முதலில் தோன்றுவது ரூட்டரை அணைத்து மறுபடி போடுவது. அடுத்துத் தோன்றுவது அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. இவ்விரண்டையும் ஒத்திவைத்துப் பத்து நிமிஷம் பொறுத்திருந்து, கோளாறு கம்பியில் இருக்கிறதா, தொலைபேசி நிலையத்தில் இருக்கிறதா, நம் ரூட்டரில் இருக்கிறதா, மறுமுனையில் இருக்கிறதா என்பதை நிச்சயம் செய்துகொள்ள அவரைப் பழக்குவதே என் நோக்கம். பேச்சையும் தரவையும் தொலைபேசிக் கம்பியில் இலக்கமுறையில் அனுப்பும் ஐஎஸ்டிஎன் என்னும் ஏற்பாடு தன் கோளாறு எங்கே என்பதைத் தானே சொல்லக்கூடியது. அந்தக் குணம் பிற்காலத்து இணைப்புகள் பலவற்றுக்கு இல்லை.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கிய பிறகு, சிறு காரியாலயங்களில் இருந்த சிறிய ஐஎஸ்டிஎன் இணைப்புகள் படிப்படியாக மறைந்தன என்பது உண்மை. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையையும் அதனோடு ஐஎஸ்டிஎன்னையும் 2025இல் மூடிவிடுவதாக அறிவித்து, பிறகு அந்தக் கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆயினும், முப்பது பேர் ஏககாலத்தில் பேசக்கூடிய பெரிய இணைப்பு நம் தொழிற்பேட்டைகளில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அது ரூட்டரில் வந்து இறங்கும் இடங்களும் உண்டு. ஆகையால் இது பழங்கதை என்றெண்ணி இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட வேண்டாம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய இணைப்பின் ஆங்கிலச் சுருக்கத்தையும் பெரிய இணைப்பின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் பி.ஆர்.ஐ. என்றே வந்து நிற்கும். தொலைபேசி நிலையத்தில் பி.ஆர்.ஐ. என்றால் பெரியதையே எடுத்துக்கொள்வார்கள். குழப்பம் நேராதிருக்க, சிறியதை 'பேசிக்' என்றும் பெரியதை 'ப்ரைமரி' என்றும் இங்கே அழைக்கிறேன். புகார் கொடுக்கும்போது நீங்களும் அப்படியே சொல்வது உத்தமம்.

1984ஆம் ஆண்டு ஸ்பெயின் தேசத்தின் டொரெமொலினோஸ் பகுதியில் கூடிய சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு, தன் சிவப்புப் புத்தகத்தில் ஐஎஸ்டிஎன்னுக்கு இலக்கணம் வகுத்தது. நம் நாட்டுக்கென்றே தொலைபேசி நிலையங்களை வடிவமைக்க டெல்லியிலும் பெங்களூரிலுமாக சி-டாட் ஸ்தாபனம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். அந்த இலக்கணத்தின் சாரம் இதுதான்: பேசிக் இணைப்பில் விநாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள பி சேனல்கள் இரண்டு, 16 கிலோபிட் வேகமுள்ள டி சேனல் ஒன்று. ப்ரைமரி இணைப்பில் பி சேனல்கள் முப்பது, 64 கிலோபிட் டி சேனல் ஒன்று. பேச்சும் தரவும் பி சேனல்களில் செல்கின்றன. யாரை அழைக்க வேண்டும், அழைப்பை ஏற்றார்களா மறுத்தார்களா, ஏன் துண்டித்தார்கள் என்ற சமாசாரங்கள் அனைத்தும் டி சேனலில் தனியாக நடக்கின்றன. வீட்டுக்குள் நடக்கும் உரையாடலைக் கேட்க முடியாவிட்டாலும் வாசலில் நடக்கும் உரையாடலைக் கேட்டே வந்தவர் யார், திரும்பிப் போனது ஏன் என்று அறிந்துகொள்வதைப் போல, டி சேனலைக் கவனிக்கிறவருக்கு இணைப்பின் முழு விருத்தாந்தமும் கிடைத்துவிடும்.

அந்த டி சேனல் மூன்று படிகளில் எழுந்து நிற்கிறது. முதற்படி மின்னோட்டம், இரண்டாம் படி தொலைபேசி நிலையமும் ரூட்டரும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் கைகோத்தல், மூன்றாம் படி அழைப்பைப் பற்றிய பேச்சு. கீழ்ப்படி நில்லாமல் மேற்படி நிற்காது. சிஸ்கோ ரூட்டரில் 'ஷோ ஐஎஸ்டிஎன் ஸ்டேட்டஸ்' என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் மூன்று படிகளின் நிலையும் ஒரே திரையில் வந்துவிடும். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அந்தத் திரையையும், அப்போதுள்ள அமைப்பு முழுவதையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக வழி இல்லாதவர் கோளாறு தேடப் புறப்படக் கூடாது.

முதற்படியில்தான் அநுபவம் மிகவும் தேவைப்படுகிறது. ஆகவே அதை விரிவாகச் சொல்கிறேன். தொலைபேசி நிலையத்திலிருந்து ஒரு ஜோடிக் கம்பி எம்.டி.எஃப். சட்டம், பில்லர், டி.பி. பெட்டி என்று மூன்று இடங்களில் இளைப்பாறி நம் சுவருக்கு வந்து சேருகிறது. சுவரில் என்.டி.1 என்னும் சிறு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியே எல்லைக்கல்: அதற்கு அப்பால் உள்ளது நிலையத்தார் பொறுப்பு, இப்பால் உள்ளது நம் பொறுப்பு. அதில் உள்ள விளக்குகளில் ஒன்று நிலையத்துப் பக்கத்தையும் மற்றொன்று ரூட்டர் பக்கத்தையும் காட்டும். எந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறதாகையால், இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கெட்ட நாளில் மட்டும் பெட்டியைப் பார்க்கிறவருக்கு விளக்கு எதையும் சொல்லாது.

சந்தாபுராவுக்கு அருகே ஒரு தொழிற்கூடத்தில், ஐப்பசி மாதத்து மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில், பேசிக் இணைப்பு செத்துக் கிடந்தது. இரவில் பில்லரில் ஏதோ கேபிள் வேலை நடந்ததாகக் காவலர் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இரண்டு மணி நேரம் ரூட்டரோடு போராடிக்கொண்டிருந்தேன். அது பெரும் பிழை என்பதை இன்றைக்கும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பதினொரு மணிக்கு லைன்மேன் வந்தார். வயதில் மூத்தவர், சோதனைத் தொலைபேசியை டி.பி. பெட்டியில் மாட்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "டோன் சுத்தமா வருது சார். எங்க பக்கம் ஃபால்ட் இல்ல, உங்க ரூட்டரைப் பாருங்க" என்றார். நான் ரூட்டரை நோக்கித் திரும்பினேன். மூன்றடி எடுத்து வைப்பதற்குள் அவர் சொன்னதன் பொருள் எனக்கு உறைத்தது. "அண்ணே, ஐஎஸ்டிஎன் லைன்ல டோன் வரவே கூடாதே!" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் சோதனைத் தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பில்லருக்குப் புறப்பட்டார்.

விஷயம் இதுதான். சாதாரணத் தொலைபேசி லைனில் காதை வைத்தால் டயல் டோன் கேட்கும். ஐஎஸ்டிஎன் லைனிலோ இலக்கமுறைச் சமிக்ஞை ஓடுகிறதாகையால் மெல்லிய இரைச்சல் கேட்கலாம், அல்லது நிசப்தமாக இருக்கலாம். டோன் கேட்பதற்கு வழியே இல்லை. டோன் கேட்கிறது என்றால், நம் ஜோடிக்கம்பி வேறொருவருடைய சாதாரண லைனோடு சேர்க்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். இரவில் நனைந்த முடிச்சை வெட்டிப் புதிதாகக் கட்டியவர்கள் ஜம்பரை ஒரு ஜோடி தள்ளிப் போட்டுவிட்டார்கள். கால் மணி நேரத்தில் அதைச் சரி செய்தபோது, என்.டி.1 பெட்டியின் விளக்கு சிறிது நேரம் மினுமினுத்துப் பிறகு ஸ்திரமாக நின்றது. எந்தச் சாட்சியத்தை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று அவர் தீர்மானித்தாரோ அதே சாட்சியம்தான் லைன் கெட்டிருப்பதற்கு நிரூபணம். ஆகவே "டோன் இருக்கிறதா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், "ஐஎஸ்டிஎன் கார்டிலிருந்து வரும் ஜோடி இதுதானா?" என்று கேளுங்கள். மழைக்காலத்திலும், சாலை தோண்டப்படும் காலத்திலும் முதல் சந்தேகம் எப்போதும் வெளிக்கம்பியின் மேல்தான் விழவேண்டும்.

எல்லைக்கல்லுக்கு இப்பால் வந்தால், என்.டி.1 பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள கேபிள் நான்கு கம்பிகளால் ஆனது. எட்டு முனை கொண்ட இணைப்பானில் 3, 6 ஆகிய முனைகளில் ரூட்டர் பேசுகிறது. 4, 5 ஆகிய முனைகளில் கேட்கிறது. ஆகவே நேர்க்கேபிள்தான் வேண்டும். கணினிக்குக் கணினி போடும் குறுக்குக் கேபிளைக் கைக்கு அகப்பட்டதென்று செருகிவிட்டால் விளக்கு எரியாது. ரூட்டர் வாங்கும்போதே அதன் துளை எஸ்/டி வகையா, யு வகையா என்று பார்த்துக்கொள்வது அவசியம். இரண்டு துளைகளும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்து, ஒரே இணைப்பானை ஏற்றுக்கொண்டு, வேலை மட்டும் செய்யாமல் இருந்துவிடும். நம் நாட்டில் என்.டி.1 பெட்டியோடு பயன்படுவது எஸ்/டி வகை. ஒரே பெட்டியிலிருந்து பல சாதனங்களுக்குக் கம்பி இழுத்திருந்தால், கம்பியின் இரு கோடியிலும் 100 ஓம் தடை இருக்கவேண்டும். நடுவில் இருக்கக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேசிக் இணைப்பில் அழைப்பு இல்லாத வேளையில், மின்சாரச் சிக்கனத்துக்காகத் தொலைபேசி நிலையமே முதற்படியை உறங்க வைத்துவிடுவது உண்டு. அப்போது திரையில் முதற்படி 'டீஆக்டிவேட்டட்' என்று வரும். அதைக் கண்டு அஞ்சிப் புகார் எழுதப் போகாமல், முதலில் ஓர் அழைப்பை முயன்று பார்த்துவிட்டு, அந்த முயற்சி நடக்கும்போதே திரையை மறுபடி நோக்குங்கள். விழித்துக்கொண்டால் அது உறக்கம். விழிக்காவிட்டால் அது கோளாறு.

இரண்டாம் படியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பேசிக் இணைப்பில் ரூட்டர் தனக்கு ஓர் எண் கேட்கிறது; நிலையம் 64 முதல் 126 வரையில் ஓர் எண் கொடுக்கிறது. பிறகு ரூட்டர் வணக்கம் சொல்ல, நிலையம் பதில் வணக்கம் சொல்கிறது. திரையில் 'மல்டிபிள் ஃபிரேம் எஸ்டாப்லிஷ்டு' என்ற சொற்றொடர் வந்தால் இந்தப் படி செவ்வனே நிற்கிறது. 'டிஇஐ அசைண்டு' என்று மட்டும் வந்தால் எண் கிடைத்தும் பதில் வணக்கம் கிடைக்கவில்லை. ப்ரைமரி இணைப்பில் அந்த எண் எப்போதும் 0. இந்தப் படியில் தடுமாற்றம் நேர்ந்தால் பெரும்பாலும் காரணம் சுவிட்ச் வகையைத் தவறாக எழுதியிருப்பதுதான்: நம் நாட்டில் பேசிக்குக்கு 'பேசிக்-நெட்3', ப்ரைமரிக்கு 'ப்ரைமரி-நெட்5'. அமெரிக்கப் பாடநூல்களைப் பார்த்துப் படித்தவர்கள் 'ஸ்பிட்' எண் எங்கே என்று தேடி நிலையத்தாரைத் தொந்தரவு செய்கிறார்கள். அது வட அமெரிக்க வழக்கம், இங்கே கிடையாது. பழைய ரூட்டர்களில் சுவிட்ச் வகையை மாற்றியபின் ஒருமுறை ரூட்டரை மறுபடி துவக்கினால்தான் மாற்றம் செல்லுபடியாகும். அணைத்துப் போடுவதற்கு இதுவே நியாயமான தருணம்.

மூன்றாம் படிக்கு வந்தால் இணைப்பு வாய்திறந்து பேசத் தொடங்குகிறது. 'டீபக் ஐஎஸ்டிஎன் க்யூ931' என்று கட்டளை கொடுத்துவிட்டு ஓர் அழைப்பை முயன்றால், புறப்பட்ட செய்தியும் வந்த பதிலும் வரிவரியாகத் திரையில் ஓடும். தொலைவிலிருந்து டெல்நெட் வழியாக நுழைந்திருந்தால் 'டெர்மினல் மானிட்டர்' என்பதையும் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. வேலை முடிந்ததும் 'அன்டீபக் ஆல்' கொடுத்து நிறுத்த மறவாதீர்கள். அழைப்பு அறுந்தால், கடைசியில் காரணம் என்ற சொல்லுக்கு எதிரே 8090, 8291 என்றாற்போல் நான்கு இலக்கம் வரும். இந்த நான்கு இலக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவர் பாதி வழக்கை வென்றவர்.

முதல் இரண்டு இலக்கம் யார் அறுத்தார்கள் என்பதைச் சொல்கிறது: 80 என்றால் பயனாளர் முனை, 82 என்றால் நம் பக்கத்து நிலையம், 84 என்றால் மறுபக்கத்து நிலையம். கடைசி இரண்டு இலக்கம் ஏன் அறுத்தார்கள் என்பதைச் சொல்கிறது. அது பதினாறு அடிப்படையிலான எண். அதிலிருந்து 80ஐக் கழித்து, மிச்சத்தைப் பத்து அடிப்படைக்கு மாற்ற வேண்டும். 90இல் 80 போக 10. பதினாறு அடிப்படையில் 10 என்பது நம் கணக்கில் 16. அது இயல்பாக முடிந்த அழைப்பு. 91 என்பது 17, மறுமுனை பேசிக்கொண்டிருக்கிறது. 81 என்பது 1. அப்படி ஓர் எண்ணே இல்லை. 95 என்பது 21. மறுமுனை ஏற்க மறுத்தது. ஏ2 என்பது 34. செல்ல வழி காலியாக இல்லை. டி8 என்பது 88. மறுமுனைச் சாதனம் இந்த வகை அழைப்புக்கு ஏற்றதன்று. புகார் எழுதும்போது "கனெக்ட் ஆகவில்லை" என்பதற்குப் பதிலாக, "இன்ன நேரத்தில் இன்ன எண்ணை அழைத்தபோது நம் பக்கத்து நிலையம் 34 என்ற காரணம் காட்டி அறுத்தது" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வரிக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. நிலையத்தில் உள்ள பொறியாளர் தம் பதிவேட்டில் அதே நேரத்தைத் தேடிப் பார்க்க அது வழிகாட்டுகிறது.

எண் இல்லை என்று வந்தால், டயல் செய்யும் வரிசையை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கர்நாடகத்தின் விளிம்பில் இருக்கும் நமக்கு இது நித்தியத் தொல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டிச் சிறிது தொலைவில் உள்ள ஓசூர் கிளைக்கு 04344 சேர்த்தாக வேண்டும், ஓசூரிலிருந்து இங்கே அழைப்பவர் 080 சேர்த்தாக வேண்டும். கிளைகளுக்கு இடையே அமைப்பை நகல் எடுத்து ஒட்டும்போது இந்த வேறுபாடு தவறிவிடுகிறது. எண் சரியாக இருந்தும் 88 என்று வந்தால், அழைப்பு தரவு அழைப்பாகச் சென்றதா, பேச்சு அழைப்பாகச் சென்றதா என்று பாருங்கள். செய்தியில் 8890 என்றிருந்தால் தரவு. 8090 என்று தொடங்கினால் பேச்சு. மறுமுனையில் தவறுதலாக ஃபாக்ஸ் யந்திரம் உள்ள எண்ணைக் கொடுத்துவிட்டார்களா என்றும் விசாரியுங்கள்.

ப்ரைமரி இணைப்பில் மூன்றாம் படி இதே விதம்தான், முதற்படி வேறு. விநாடிக்கு 2,048 கிலோபிட் செல்லும் இ1 பாதையில் 0 முதல் 31 வரை முப்பத்திரண்டு அறைகள். 0ஆம் அறை வரிசை காப்பதற்கு, 16ஆம் அறை டி சேனலுக்கு. சிஸ்கோ ரூட்டரோ டி சேனலுக்கு 15 என்று பெயரிடும், அதைக் கண்டு மயங்க வேண்டாம். நிலையத்தில் சிஆர்சி4 சோதனை இருந்து நம்மிடம் இல்லாவிட்டால், அல்லது நம்மிடம் இருந்து அங்கே இல்லாவிட்டால், பாதை எழுந்து எழுந்து விழும். கடிகாரத்தை லைனிலிருந்தே எடுக்கவேண்டும். ரூட்டர் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடினால் 'ஸ்லிப்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், பேச்சில் டக்கென்ற ஒலியும் ஃபாக்ஸில் கிழிந்த வரிகளும் தோன்றும். இரு தரப்பும் மற்றவர்மேல் பழி சொல்லும் நிலை வந்துவிட்டால், ஓர் இணைப்பானில் 1ஐ 4ஓடும் 2ஐ 5ஓடும் சேர்த்துக் கட்டி, ரூட்டரின் கடிகாரத்தைத் தற்காலிகமாக உள்ளேயே வைத்து, ரூட்டர் துளையில் செருகிப் பாருங்கள். பாதை 'அப்' என்று காட்டினால் ரூட்டர் நிரபராதி. ஐந்து நிமிஷ வேலை; அரை நாள் வாக்குவாதத்தைத் தவிர்த்துவிடும். பார்த்து முடித்ததும் கடிகாரத்தை லைனுக்குத் திருப்பிவிடுங்கள்.

அழைப்பு ஏறுகிறது, சில விநாடிகளில் விழுந்துவிடுகிறது என்றால் டி சேனலைக் குறை சொல்ல நியாயமில்லை. இருமுனை ரூட்டர்களும் ஒன்றையொன்று நம்ப மறுக்கின்றன. 'டீபக் பிபிபி நெகோஷியேஷன்' கொடுத்தால் எந்த இடத்தில் மறுக்கிறது என்பது தெரியும். ரூட்டர்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும் சாப் முறையில் ஒரு ரூட்டரின் பெயர் மறு ரூட்டரில் பயனாளர் பெயராக எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். கடவுச்சொல் இரு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. கடைசியில் ஒரு வெற்று இடம் ஒட்டிக்கொண்டிருந்து மூன்று நாள் அலைக்கழித்த கடவுச்சொல்லை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: இணைப்பு விழவே மாட்டேன் என்கிறது. அது திரையில் தெரியாது. மாதக் கடைசியில் தொலைபேசி பில்லில் தெரியும். வேலை இல்லாவிட்டால் 120 விநாடியில் அறுத்துக்கொள்ளும்படி சிஸ்கோ ரூட்டர் இயல்பாகவே அமைந்திருந்தும், ரூட்டிங் செய்திகளோ கணினிகள் ஒன்றையொன்று விசாரிக்கும் பொதுச் செய்திகளோ இடைவிடாமல் புறப்பட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கெடு ஒருபோதும் முடிவதில்லை. 'ஷோ டயலர்' கொடுத்து எந்தப் பொட்டலம் அழைப்பை எழுப்பியது என்று பார்த்து, அதை டயலர் பட்டியலில் விலக்கிவிடுங்கள். மாற்று வழியாக மட்டும் ஐஎஸ்டிஎன் வைத்திருக்கும் காரியாலயங்கள் மாதம் ஒருமுறை பிரதான லைனை வேண்டுமென்றே கழற்றி, மாற்று வழி ஏறுகிறதா, பிரதான லைன் திரும்பியதும் இறங்குகிறதா என்று இரண்டையும் பார்க்கவேண்டும். ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அஞ்சலட்டை அளவுள்ள ஓர் அட்டையில் இணைப்பின் எண், சுவிட்ச் வகை, பில்லர் எண், டி.பி. எண், நல்ல நிலையில் என்.டி.1 விளக்குகள் எப்படி இருக்கும் என்ற விவரம், கடைசிப் புகாரின் டாக்கெட் எண், தேதி இவ்வளவையும் அழியாத மையில் எழுதி, ரூட்டர் இருக்கும் ரேக்கின் உட்கதவில் ஒட்டிவிடுங்கள். இணைப்பு நன்றாக இருக்கும் இன்றைக்கே ஒட்டுங்கள். அடுத்த மழையில் அந்த அறைக்குள் நுழையப்போகிறவர் உங்களுக்குப் பின் வேலைக்கு வந்த வேறொருவராக இருக்கக்கூடும்.